பழைய கடைசல் இயந்திரத்திற்குப் புதிய மோட்டார்

மலாக்கா மாநிலத்திற்கும் ரப்பருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1896 ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங் பகுதியில் ரப்பர் மரங்களை வணிக நோக்கில் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் ஜாசின், அலோர் காஜா முதலிய வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே லயங்களில் குடியேறி, பால்மரம் வெட்டி வாழ்ந்தனர்.

தோட்ட வாழ்க்கை என்றவுடன் பால்வாளியும் உளியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தோட்டத்து ஆலையும் அவ்வாழ்க்கையின் முக்கிய அங்கமே. காலையில் சேகரித்த பால் வெகுநேரம் காத்திருக்காது. அன்றே அதை உறையவைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தித் தாளாக்கிப் புகையூட்ட வேண்டும். உருளையின் தண்டு தேய்ந்தாலோ ஒரு திருகாணி முறிந்தாலோ வேலை நின்றுவிடும். வெளியூரிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை பொறுத்திருக்க முடியாது. இத்தகைய நேரத்தில் கைகொடுத்ததே கடைசல் இயந்திரம். பேச்சுவழக்கில் இதை 'லேத்' என்பர்.

கடைசல் என்பது தமிழருக்குப் புதிய கலையன்று. மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியால் செதுக்கி, தொட்டில் கால்களையும் விளையாட்டுச் சாமான்களையும் செய்வது பழங்காலத் தொழில். திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்கள் இவ்வாறு கடைந்தெடுக்கப்படுபவையே. மரம் கடைபவர் உளியைக் கையில் பிடித்திருப்பார். இரும்பைக் கடைய அந்தப் பிடி போதாது. 1800 ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லே என்பவர் உளியை இறுகப் பற்றிச் சீராக நகர்த்தும் இயந்திரத்தை உருவாக்கினார். அதனால் ஒரே அளவுடைய திருகாணிகளை மீண்டும் மீண்டும் செய்ய முடிந்தது. பல இயந்திரங்கள் பிறப்பதற்கு உதவுவதால் கடைசல் இயந்திரத்தை 'இயந்திரங்களின் தாய்' என்றும் கூறுவர்.

காலப்போக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. ஆலைகள் மூடப்பட்டபோது அவற்றின் இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றன. எடை போட்டு விற்கப்படும் ஓர் இயந்திரத்தின் விலை அதன் இரும்பின் விலை மட்டுமே. ஆனால், அதைச் சீரமைத்து ஓடச் செய்தால் ஒரு குடும்பத்திற்குத் தொழில் கிடைக்கும். ஓர் இளைஞனுக்குக் கைத்திறன் கிடைக்கும். ஆகவே, பழைய இயந்திரம் ஒன்றைச் சீரமைக்கும் முறையை அறிந்துகொள்வது பயனுடையது.

சிறிய கடைசல் இயந்திரத்திற்கு எடுத்துக்காட்டாக 'மைஃபோர்ட் எம்.எல்.7' என்பதைக் கூறலாம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகருக்கு அருகிலுள்ள பீஸ்டனில் தயாரிக்கப்பட்ட இது, இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் விற்பனைக்கு வந்தது. ஒரு மேசையளவு இடமே இதற்குப் போதும். ஏறத்தாழ 7 அங்குல விட்டமுள்ள பொருளை இதில் சுழற்றிக் கடையலாம். இதன் சுழல்தண்டு நிமிடத்திற்குச் சுமார் 35 முதல் 640 சுற்றுகள் வரை சுழலும். இதை இயக்க ஏறக்குறைய அரைக் குதிரைத்திறன் கொண்ட மோட்டார் போதுமானது.

சீரமைப்பின் முதற்படி கழற்றுவது அன்று, கவனிப்பதே. இயந்திரத்தின் நீண்ட அடித்தளத்தைப் படுகை என்பர். உளியைத் தாங்கும் பகுதி அதன்மீதுதான் நகரும். படுகையில் மேலோட்டமாகத் துரு இருந்தால் கவலையில்லை. ஆழமான தேய்மானமோ விரிசலோ இருந்தால் செலவு கூடும். அடுத்து, 'சக்' எனப்படும் பிடிப்பானைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது தடையின்றிச் சுழல வேண்டும்; அதே வேளையில், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. பற்சக்கரங்களின் பற்கள் உடைந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகைகளையும் கம்பி இணைப்புகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே திருகாணிகளைக் கழற்றத் தொடங்கலாம். கழற்றிய பாகங்களைத் தனித்தனி டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதி வைத்தால், மீண்டும் பூட்டும்போது தடுமாற்றம் இராது.

இரண்டாம் படி தூய்மை செய்தல். பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் இளக்கிவிடும். படுகையிலுள்ள துருவை எண்ணெய் தடவி, மெல்லிய எஃகு நாரால் மெதுவாகத் தேய்த்து நீக்கலாம். அவசரப்பட்டு முரட்டு உப்புத்தாளையோ சுழலும் கம்பித் தூரிகையையோ பயன்படுத்தினால், துருவோடு படுகையின் துல்லியமும் போய்விடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே, அதைச் சுரண்டும்போது தூசு பறக்காதபடி ஈரப்படுத்துவதும் முகக்கவசம் அணிவதும் நலம்.

மூன்றாம் படிதான் மோட்டார். பழைய மோட்டார் ஓடவில்லை என்பதற்காக அது பழுதாகிவிட்டது என முடிவு செய்யக்கூடாது. மின்தேக்கி மட்டும் செயலிழந்திருக்கலாம். கம்பிச்சுற்றைப் புதிதாகச் சுற்றினால் போதுமென்றும் இருக்கலாம். சில வேளைகளில் மோட்டாரில் குறையே இராது. அதற்கேற்ற மின்சாரம் இல்லாததே காரணமாகும். ஆலைகளில் 400 வோல்ட் மும்முனை மின்சாரம் உண்டு. மலேசிய வீடுகளிலோ பெரும்பாலும் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரமே உள்ளது. ஆலையிலிருந்து வந்த மும்முனை மோட்டாரை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைத்து இயக்க முடியாது. அதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, ஒருமுனை மோட்டாரைப் புதிதாகப் பொருத்துவது. மற்றொன்று, ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கித் தரும் 'இன்வெர்ட்டர்' கருவியைப் பயன்படுத்துவது. இரண்டாம் வழியில், அந்த மோட்டார் 230 வோல்ட் மும்முனையிலும் இயங்கத்தக்கதா என்பதைப் பெயர்ப்பலகையில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

புதிய மோட்டார் வாங்கும்போது பலரும் குதிரைத்திறனை மட்டுமே கேட்கின்றனர். அதைவிட முக்கியமானது வேகம். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நான்கு காந்தமுனைகள் கொண்ட மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும். மோட்டாரின் தண்டு அதைவிடச் சற்றுப் பின்தங்கி, ஏறத்தாழ 1,425 முறை சுழலும். இரண்டே காந்தமுனைகள் உள்ள மோட்டாரோ ஏறத்தாழ 2,850 முறை சுழலும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். திறனும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால், இயந்திரத்தில் பூட்டியபின் விளைவு வேறாகும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். மோட்டாரிலுள்ள கப்பியின் விட்டம் 60 மில்லிமீட்டர். பெல்ட்டின் மறுமுனையிலுள்ள கப்பியின் விட்டம் 240 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 1,425 ஐ 60 ஆல் பெருக்கி 240 ஆல் வகுத்தால், இரண்டாம் கப்பி நிமிடத்திற்கு ஏறத்தாழ 356 முறை சுழலும் என்பது தெரியும். அதே இடத்தில் 2,850 சுற்று மோட்டாரைப் பொருத்தினால் வேகம் 712 ஆகிவிடும். இயந்திரத்தின் எல்லா வேகங்களும் இரட்டிப்பாகும். 640 சுற்றுக்கு மேல் ஓட வடிவமைக்கப்படாத சுழல்தண்டு 1,280 சுற்றில் ஓடும். பேரிங் சூடேறும், சக்கில் பிடித்த பொருள் பிடி நழுவிப் பறக்கவும் கூடும்.

மெதுவான வேகமும் கடைசலுக்கு இன்றியமையாதது. சாதாரண எஃகை அதிவேக எஃகு உளியால் கடையும்போது, பொருளின் மேற்பரப்பு நிமிடத்திற்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் உளியைக் கடப்பது பொருத்தமானது. 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்கு இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 320 சுற்றாகும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொருளுக்கோ 80 சுற்றே போதும். பொருள் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும். இல்லையெனில் உளியின் முனை கருகி மழுங்கிவிடும்.

வேகத்திற்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது தண்டின் அளவு. பழைய ஆங்கிலேய மோட்டார்களின் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. இன்றைய மோட்டார்களின் அளவுகள் மில்லிமீட்டரில் அமைந்தவை. பழைய கப்பியின் துளை 15.9 மில்லிமீட்டராகவும் புதிய தண்டு 19 மில்லிமீட்டராகவும் இருந்தால், கப்பி உள்ளே நுழையாது. துளையை மையம் தவறாமல் பெரிதாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஏற்றது மற்றொரு கடைசல் இயந்திரமே. இதனால்தான் ஒரு பட்டறை மூடப்படும்போது அக்கம்பக்கத்துப் பட்டறைகளும் சற்றே வலுவிழக்கின்றன. கப்பிகள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்பதை நேரான சட்டம் ஒன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் பெல்ட் விரைவில் கிழிந்துவிடும்.

சுழலும் திசையையும் மறந்துவிடலாகாது. இயந்திரத்தின்முன் நிற்பவரை நோக்கிச் சக்கின் மேற்பகுதி வருமாறு அது சுழல வேண்டும். எம்.எல்.7 போன்ற இயந்திரங்களில் சக் ஒரு மரையின்மீது திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். சரியான திசையில் கடையும்போது அது மேலும் இறுகும். மோட்டார் எதிர்த்திசையில் ஓடினால், அதே சக் கழன்று உருண்டு விழலாம். கம்பி இணைப்பு மாறினாலே இவ்விபத்து நேரக்கூடும். எனவே, பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே மோட்டாரைத் தனியாக ஓடவிட்டுத் திசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மின் இணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். இயந்திரத்தின் உடற்பகுதி நிலக்கம்பியோடு இணைக்கப்பட்டிருத்தல் கட்டாயம். சாதாரண விசைக்குப் பதிலாக, மின்சாரம் தடைபட்டால் தானே விலகிக்கொள்ளும் விசையைப் பொருத்துவது சிறப்பு. இல்லாவிட்டால், மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது இயந்திரம் யாரும் எதிர்பாராமல் ஓடத் தொடங்கும். அந்நேரத்தில் ஒருவரின் கை சக்கின்மீது இருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இயந்திரத்தருகே கையுறை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை ஆகாதவை. சக்கைத் திருகிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை முடுக்குவதும் பேராபத்தாகும்.

எல்லாம் பூட்டி முடித்ததும், எண்ணெய் இட்டு, மிகக் குறைந்த வேகத்தில் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட வேண்டும். பின்பு இயந்திரத்தை நிறுத்திப் பேரிங் பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பானது, கைவைக்க முடியாத சூடு எச்சரிக்கை. அடுத்து, தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, 100 மில்லிமீட்டர் நீளத்திற்கு மெல்லியதாகக் கடைய வேண்டும். அதன் இரு முனைகளையும் நுண்ணளவியால் அளந்தால் உண்மை வெளிப்படும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம் நேராக நிற்கிறது எனலாம். வேறுபட்டால், படுகை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். இயந்திரத்தின் கால்களுக்குக் கீழே மெல்லிய தகடுகளை வைத்துச் சமப்படுத்தி மீண்டும் சோதிக்க வேண்டும். ஓடுவது வேறு, ஒத்து ஓடுவது வேறு என்பது இங்கேதான் புலப்படும்.

கழற்றிப் பார்த்துக் கற்கும் ஆர்வம் எவ்வளவு உயர்த்தும் என்பதற்குக் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு (1893–1974) சிறந்த சான்று. பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கினார். அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பின்னாளில், 1937 ஆம் ஆண்டில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படும் மோட்டாரை அவர் உருவாக்கினார். பின்னர் கோயம்புத்தூர் மோட்டார்களுக்கும் நீரேற்றும் இயந்திரங்களுக்கும் பெயர்பெற்ற நகரமாக வளர்ந்தது.

இன்று மலாக்காவில் இத்துறையை முறையாகக் கற்க வாய்ப்புகள் உள்ளன. அலோர் காஜா வட்டாரத்தில் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இயங்குகிறது. டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்ப மலாக்காப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்குள்ள கடைசல் இயந்திரங்கள் பலவற்றைக் கணினியே கட்டுப்படுத்துகிறது. ஆயினும், எந்தப் பொருளை எவ்வளவு வேகத்தில் சுழற்ற வேண்டும், உளியை எவ்வளவு ஆழம் செலுத்த வேண்டும் என்பவற்றைக் கணினிக்குச் சொல்பவர் மனிதரே. பழைய சிறிய இயந்திரத்தில் அதைக் காதால் கேட்டும் கையால் உணர்ந்தும் கற்றவர், புதிய இயந்திரத்தின்முன் தயங்கி நிற்பதில்லை.

தோட்டத்து ஆலைகளில் நம் முன்னோர் இயந்திரங்களோடு பழகினர். அவர்களுள் பலருக்குத் தாம் கற்றதை ஏட்டில் எழுதிவைக்க வாய்ப்பிருக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே அந்த அறிவு சென்று சேர்ந்தது. ஆலையோடு அதுவும் மறைந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், பழைய இயந்திரத்தை எடைக்குப் போடுமுன் அதன் பெயர்ப்பலகையை ஒருமுறை துடைத்துப் படிப்பதே நல்ல தொடக்கமாகும்.