தைலப் போத்தலுக்கும் ஒரு அளவு உண்டு



சங்கத்தின் சென்ற ஒன்றுகூடலில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "டொக்டர், இப்ப எல்லா இடமும் லவெண்டர் எண்ணெய், ரீ ட்ரீ எண்ணெய் எண்டு விக்கினம். மன அழுத்தத்துக்கும் உடம்பு நோவுக்கும் நல்லதாம். மகள் கனக்கக் காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாள். உண்மையிலே வேலை செய்யுமோ?"

"உங்கட கைப்பைக்குள்ள கோடாலித் தைலம் இருக்கோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். மகள் வாங்கியதும் தாய் வைத்திருப்பதும் ஒரே குடும்பத்துச் சாமான்தான். எனவே இம்முறை அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பார்ப்போம்.

இங்குள்ள கடைகளில் இவற்றை 'ஏத்தெரிஸ்க் ஒல்யே' என்பார்கள். ஆங்கிலத்தில் 'எசென்ஷியல் ஒயில்'. அதைக் கேட்டுவிட்டு, உடம்புக்கு அத்தியாவசியமான எண்ணெய் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எசென்ஸ், அதாவது சாறு என்பதிலிருந்து வந்த பெயர் அது. யூக்கலிப்ரஸ் இலை, கறுவா இலை, கராம்பு, புதினா, லவெண்டர் பூ போன்றவற்றைப் பெரும்பாலும் நீராவியில் வடித்து எடுக்கும் வாசனை எண்ணெய்கள் இவை. ஒரு கடதாசியில் ஒரு துளி நல்லெண்ணெயும் பக்கத்தில் ஒரு துளி யூக்கலிப்ரஸ் எண்ணெயும் விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெயின் கறை அப்படியே நிற்கும். மற்றது பெரும்பாலும் காற்றோடு போய்விடும். காற்றோடு போவது எங்கள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் போகிறது. தோலுக்குள்ளாலும் ஓரளவு இரத்தத்தில் சேர்கிறது. வெறும் வாசனைதானே என்று நினைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருவோம். ஓரளவு செய்யும். புதினாவில் உள்ள மென்தோல் எங்கள் தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. உண்மையில் அந்த இடம் குளிர்வதில்லை; குளிர்கிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது, அந்தச் செய்தி நோவை மங்கச் செய்கிறது. சூடு, குளிர், தொடுகை ஆகியவற்றை உணரும் இந்த வாயில்களைக் கண்டறிந்தமைக்காகவே டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தடிமன் நேரத்தில் தைலத்தை முகர்ந்ததும் மூக்குத் திறந்தது போல இருப்பதும் இதே விளையாட்டுத்தான். மூக்குக்குள் வீக்கம் குறைவதில்லை, திறந்தது போன்ற உணர்வு மட்டுமே. அந்த உணர்வே இரவில் நித்திரை கொள்ளப் போதும் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

தலையிடிக்கு நெற்றியில் பூசுவதற்கும் ஆதாரம் உண்டு. ஜேர்மனியில் 1996இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 10 வீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியில் பூசியவர்களுக்கு, 1000 மில்லிகிராம் பரசிற்றமோல் எடுத்தவர்களுக்கு ஈடான சுகம் கிடைத்தது. அது இறுக்கத்தால் வரும் சாதாரண தலையிடிக்கு. லவெண்டரைப் பொறுத்தவரை, பதற்றத்துக்கு நல்ல ஆய்வுகள் நடந்தது ஜேர்மனியில் 80 மில்லிகிராம் என்று அளந்து அடைத்த குளிசைகளில். தலையணையில் ஒரு துளி விடுவதற்கு அவ்வளவு பலமான ஆதாரம் இல்லை, தீங்கும் பெரிதாக இல்லை. ஆனால் கடையில் வாங்கிய போத்தலில் இருந்து தேநீருக்குள் விட்டுக் குடிப்பது அந்தக் குளிசைக்குச் சமன் ஆகாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அம்மா நாரியில் தைலம் தேய்த்துவிடும்போது பாதிச் சுகம் தைலத்தாலும் மீதி அந்தக் கையாலும் வருகிறது. தேய்ப்பதே நோவின் செய்தியை முள்ளந்தண்டில் வைத்து அடக்குகிறது. எனக்கு அகதியாக இங்கு வந்த முதல் பனிக்காலத்தில் தைலம் இருந்தது, தேய்த்துவிட ஆள் இருக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி மறுபக்கம். எங்கள் மூத்த பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும். தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்றேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, எனக்குச் செய்ததையே பேரப்பிள்ளைக்கும் செய்தார்: மூக்கின் கீழே விரலால் ஒரு பொட்டுத் தைலம். பிள்ளை ஒரு கணம் மூச்சை நிறுத்தி, முகம் கறுத்து, பிறகு வீரிட்டு அழுதது. ஈரத்துணியால் துடைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. மருத்துவப் பட்டத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்த நான் அம்மாவுக்கு ஒரு சொல் முன்பே சொல்லி வைக்கவில்லை. பிழை என்னுடையது. கைக்குழந்தைகளின் மூக்கருகே மென்தோலோ கற்பூரமோ பட்டால் குரல்வளை இறுகி மூச்சு நிற்கக்கூடும். 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இவை எதுவும் வேண்டாம். மூக்கு அடைத்தால் உப்புநீர்த் துளி போதும்.

வாய்க்குள் போவது இதைவிட ஆபத்து. யூக்கலிப்ரஸ் எண்ணெயோ கற்பூரத் தைலமோ ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகக் குடித்தாலும் சிறு பிள்ளை சோர்ந்து மயங்கலாம், வலிப்பு வரலாம். சில நிமிடங்களிலேயே தொடங்கக்கூடும். எங்கள் வீடுகளில் சாமித் தட்டில் கற்பூரக் கட்டி கற்கண்டு போலக் கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், பூச்சி விரட்டவும் தடிமனுக்கும் வீட்டில் பாவித்த கற்பூரத்தால் மூன்று பிள்ளைகளுக்கு வலிப்பு வந்ததை அங்குள்ள வைத்தியர்கள் 2009இல் எழுதியிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இது வராது என்று நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிபுணர் டொக்டர் தோமஸ் மத்தியூவும் சக வைத்தியர்களும் தென்னிந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில், வலிப்புடன் வந்தவர்களிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: தைலம், பாம் ஏதாவது பாவித்தீர்களா? நான்கு ஆண்டுகளில் பார்த்த 350 பேரில் 55 பேருக்கு வலிப்போடு யூக்கலிப்ரஸ் அல்லது கற்பூர எண்ணெய் தொடர்புபட்டிருந்தது. 2021இல் வெளியான முடிவு இது. குடித்தவர்கள் மட்டும் இல்லை. முகர்ந்தவர்களும் பூசியவர்களும் அதற்குள் இருந்தார்கள். சிலருக்கு முன்பே வலிப்பு நோய் இருந்தது, எண்ணெய் அதைக் கிளப்பிவிட்டது. மற்றவர்களுக்கு அதுதான் முதல் வலிப்பு.

தைலம் பூசும் கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே இப்படி நடக்கும். பயந்து போத்தலை எறிய வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எங்களில் ஒருவர் இங்கு வலிப்போடு மருத்துவமனைக்குப் போனால், நோர்வேஜிய வைத்தியருக்குத் தைலத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றாது. எங்களுக்கும் அதைச் சொல்லத் தோன்றாது, ஏனென்றால் அதை நாங்கள் மருந்தாகவே கணக்கெடுப்பதில்லை. பிறகு வலிப்பு நோய் என்று பதிந்து, ஆண்டுக்கணக்கில் குளிசை, மாதக்கணக்கில் வாகனம் ஓட்ட முடியாத நிலை. பஸ்ஸோ டாக்சியோ ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு இது சின்ன விடயம் இல்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்த இரண்டு எண்ணெய்களையும் முற்றாக விட்டுவிடுவதே நல்லது.

இரத்தம் உறையாமல் இருக்க மறெவான் எடுக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஒரு தனிச் சொல். மூட்டு நோவுக்கான பல தைலங்களில் மீதைல் சலிசிலேற் இருக்கிறது, அஸ்பிரினின் சொந்தக்காரன். முழங்காலில் நாள்தோறும் தாராளமாகப் பூசினால் அது தோலுக்குள்ளால் போய் மறெவானின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கலாம். கலப்பில்லாத விண்டர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருப்பது, இருபதுக்கும் மேற்பட்ட சாதாரண அஸ்பிரின் குளிசைகளுக்குச் சமன். குளிசைப் பட்டியலோடு வைத்தியரிடம் போகும்போது தைலப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தைலம் பூசி அதன் மேல் சுடுநீர்ப் பை வைக்கவேண்டாம், வெந்தாலும் தெரியாது. சத்திரசிகிச்சைக் காயத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம். ஆவி பிடிக்கும்போது பிள்ளைகள் கிட்ட வராமல் பாருங்கள், கொதிநீர் கவிழ்ந்து வெந்த கதைகள் ஏராளம். முட்டு வருத்தம் உள்ள பிள்ளையின் அறையில் வாசனைப் புகைக் கருவியும் கூடாது.

கடைசியாக ஒரு விடயம். என் அறைக்கு வருபவர் கதவைத் திறக்கும்போதே சில நேரம் தைல வாசம் முந்தி வரும். இரண்டு இடத்தில் துப்புரவு வேலை, தோள்மூட்டு உளைவு, இரவில் நித்திரை இல்லை, மாதம் இரண்டு போத்தல் முடிகிறது. இப்படி ஒருவரிடம் தைலத்தை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியுமா? ஒஸ்லோவில் நடந்த சுகாதார ஆய்வின் தரவுகள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் உட்பட ஐந்து குடிவரவுச் சமூகங்களில் விற்றமின் டி குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டின. மார்கழியில் ஐந்து மணித்தியாலம்கூட வெளிச்சம் இல்லாத எங்கள் துரொண்ட்ஹெய்மில் நிலைமை எப்படி இருக்கும்! அந்தக் குறைபாடு உடம்பெல்லாம் உளைவாக வரலாம். தைரொயிட் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் அப்படியே வரும். எங்களில் பலர் "மனம் சரியில்லை" என்று ஒருநாளும் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் நோகுது" என்றுதான் சொல்வோம். ஊரில் பட்டது, விட்டுவந்தது எல்லாம் நாரியிலும் கழுத்திலும் வந்து நிற்கும். மூன்று கிழமைக்கு மேல் தினமும் தைலம் தேவைப்பட்டால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். தமிழில் சொன்னால்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்கு நீங்கள் காசு கட்டவேண்டியதில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாதவை எத்தனையோ உண்டு.

பின்வருவதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பிள்ளை தைலமோ கற்பூரமோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வாயைத் துடைத்துவிட்டு, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நச்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கள்: 22 59 13 00, இரவு பகல் எந்நேரமும். பிள்ளை தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலோ நேரே 113.

அடுத்த இதழில் விற்றமின் டி பற்றி விரிவாக எழுதுகிறேன்.