வடித்த அளவு உள்ளே போனதா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் என்ஜின் வேலைகள் எங்களிடம் வந்து குவியும். பெயின்ட்டுக்கும் வலைக்கும் தாராளமாகச் செலவழிக்கும் ஓனர்கள் கூலன்ட் என்றால் மட்டும், "அது தண்ணிதானே அண்ணே, போர் தண்ணியை ஊத்தி விடுங்க" என்பார்கள்.

நம் ஊரில் தண்ணீர் உறையாது என்பது வாஸ்தவம். ஆனால் நமக்கு வேண்டியது கூலன்ட்டில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. டீசல் எரியும்போது விழும் அடியில் லைனர் ஓயாமல் அதிர்கிறது. அதன் வெளிச்சுவரை ஒட்டி நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. வெறும் தண்ணீரில் ஓடிய என்ஜினின் லைனரைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு பக்கமாக, ஊசியால் குத்தியதுபோல் குழிகள் தெரியும். அவற்றில் ஒன்று ஆழமாகப் போனால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் வேறு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட் கான்சென்ட்ரேட்டும் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். பச்சைக் கூலன்ட் இருந்த இடத்தில் ஆரஞ்சை ஊற்றி நிரப்புவதும் வேண்டாம். நிறம் ஒன்றாக இருந்தாலும் டப்பாவைப் படித்துவிடுங்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள். கடல் தண்ணீரால் கூலன்ட்டை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் அடியில் ஒரு பிளக், பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும். பிளாக் பிளக்கைத் திறந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் காலி என்று நம்பாதீர்கள். சேறு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்தினால் கொட்டும். வடித்ததைத் துறைமுகத் தண்ணீரில் ஊற்றாமல் கேனில் மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பிழைப்பது கஷ்டம்.

அடுத்து நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவோம். அதிலும் கடைசியாக வடிவதை அளந்து, சாக்பீஸால் சுவரில் எழுதிவிடுவேன். என்ஜின் புத்தகத்தில் கொள்ளளவு 24 லிட்டர், வடிந்தது 19 என்றால், 5 லிட்டர் தண்ணீர் உள்ளேயே தங்கியிருக்கிறது. அதன்மேல் கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். முதலில் 12 லிட்டர் கான்சென்ட்ரேட், பிறகு 7 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். கணக்கு சரியாக வரும்.

இந்த 19-ஐ மறக்கக் கூடாது. 15 லிட்டரிலேயே டேங்க் நிறைந்து வழிந்தால், பாக்கி 4 லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான படகுகளில் ஷாஃப்ட் சாய்வுக்கு ஏற்ப என்ஜினின் முன்பக்கம் தூக்கியிருக்கும். காற்று போய் ஒதுங்குவதும் அங்கேதான். தெர்மோஸ்டாட் பக்கம் ஏர் ஸ்க்ரூ இருந்தால் திறந்துவைத்து, குமிழி இல்லாமல் வழியும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். ஸ்க்ரூ இல்லாத என்ஜினில் மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தலாம். ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுவதும் உதவும்.

கரையேற்றிய படகு சாய்ந்து நிற்கும் விதம் வேறு, மிதக்கும் விதம் வேறு. அதனால் கடைசி அளவைத் தண்ணீரில் இறக்கிய பிறகுதான் பார்ப்பேன். கரையில் வைத்தே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே என்று டிரைவர் அவசரப்படுவார். கடல் தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

இறக்கியதும் மூடியைத் திறந்துவைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். 80 டிகிரியை ஒட்டி தெர்மோஸ்டாட் திறக்கும்போது டேங்கில் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது ஊற்றிச் சமன்செய்து மூடிவிடலாம். மீட்டர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். சென்சாரின் முனை காற்றில் நின்றால், என்ஜின் கொதித்தாலும் முள் குறைவாகவே காட்டும். என்ஜின் சூடேறியும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸ் சில்லென்று இருந்தால் காற்று இன்னும் போகவில்லை.

முதல் சில பயணங்களில், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் பில்ஜில் ஒரு சொட்டுகூட இல்லாமல் தினமும் இறங்கினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் கூலன்ட் கடல் தண்ணீர்ப் பக்கம் கசிந்து, புகைக்குழாய்த் தண்ணீரோடு வெளியேறிவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இருக்கும் ஜிங்க் பென்சிலைக் கழற்றிப் பாருங்கள். அது பாதிக்கும் மேல் கரைந்திருந்தால் புதிதாகப் போட்டு, குழாய்க்கட்டை பிரஷர் டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.