2015 மாடலா, 2018 மாடலா?

கேள்வி: திருப்பத்தூரிலிருந்து ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வர, செகண்ட் ஹேண்ட் டிசையர் டீசல் பார்க்கிறேன். 2015 மாடல் வாங்கலாமா, 2018-ஆ?

பதில்: கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் 2018-ஐயே எடுங்கள். இரண்டிலும் ஃபியட்டின் அதே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்தான். ஆனால் 2017 மே மாதம் வந்த புது டிசையரில் எல்லா வேரியன்ட்டிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் உண்டு. வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகிறீர்கள், அது முக்கியம். ஆர்.சி.யும் 2033 வரை இருக்கும்.

காலையில் எஞ்சின் சூடேறுமுன் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுங்கள். டைமிங் செயின் சலசலத்தால் செலவு காத்திருக்கிறது. பிறகு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றிப்பாருங்கள். கிளட்ச் வழுக்குவதும் கரும்புகையும் அங்கே தெரிந்துவிடும். டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டி, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.