செடி தழைக்கிறது, பூ இல்லை!

கேள்வி: எங்கள் வீட்டுக் குண்டுமல்லி மூன்று வருடமாகப் புதராக மண்டிக் கிடக்கிறது. தண்ணீர், யூரியா எல்லாம் தவறாமல் கொடுக்கிறேன். பூ மட்டும் நாலைந்துதான். என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: கத்தரியை எடுங்கள். குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய கிளைகள் இலையைச் சுமந்து நிற்கும், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் சில நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுங்கள். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை எதையும் விட்டுவைக்க வேண்டாம். வெட்டிய கையோடு மக்கிய தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஆசையாய் வளர்த்த செடி மொட்டையாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காதுதான். ஆனால் மல்லி விவசாயிகள் ஆண்டுதோறும் செய்வது இதைத்தான். மார்ச் வாக்கில் மொட்டு கட்டத் தொடங்கும்.

யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும். செடி நல்ல வெயிலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மதில் நிழலில் மல்லி மனம்வைத்துப் பூக்காது. நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் வெளுத்து மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து தெளிக்கலாம்.

மொட்டில் ஓட்டை தெரிந்தால் அது மொட்டுப்புழு வேலை. அந்த மொட்டுகளை உடனே கிள்ளி அழித்துவிடுங்கள். தொடுத்து வைக்கும் பூவை விரியாத மொட்டாக விடியற்காலையிலேயே பறியுங்கள், சாயங்காலம் வரை மணம் நிற்கும்.