"இவ்வளவு படிச்சிட்டு இந்த வேலைக்கா?" என்று கேட்டால்

தங்கச்சி, கெம்பஸ் முடித்து தெரணியகலைக்கோ இறக்குவானைக்கோ திரும்பி வந்த பிறகு, டவுனில் ஒரு கணக்கு எழுதும் வேலைக்குப் போனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. கேட்பவருக்கு ஒரு பயம் இருக்கிறது: வேலை பழக்கிவிட்டதும் அரசாங்க நியமனம் வந்து நீ போய்விடுவாய். அது வீண் பயமும் இல்லை. 2020இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் அரசாங்கம் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் பயிற்சிக்கு எடுத்ததை எல்லா முதலாளிமாரும் பார்த்தார்கள்.

அதனால் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லு. "வீட்டிலிருந்து ஒரே பஸ், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சிங்களமும் தமிழும் இரண்டும் எழுதுவேன்" என்று உள்ளதைச் சொல்லு. சிங்களக் கிராமமும் தோட்டமும் கலந்து கிடக்கும் நம்ம சப்ரகமுவவில் இரண்டு மொழியும் எழுதுகிற பிள்ளை கடைக்கும் கந்தோருக்கும் பெரிய பலம். எத்தனை வருடம் இருப்பாய் என்று கேட்டால், மனதில் இருக்கிற காலத்தை மட்டும் சொல்லு.

பட்டத்தை மறைத்து உயர்தரத்தோடு நிறுத்திவிடு என்று சிலர் புத்தி சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நாலு வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்? அம்மா கொழுந்தெடுத்தும் ரப்பர் பால் வெட்டியும் வாங்கித் தந்த படிப்பு அது. சுயவிபரக் கோவையை ஒரே பக்கமாக எழுது. கணக்கு, கம்ப்யூட்டர், மொழி மேலே வரட்டும், பட்டம் கீழே ஒரு வரியில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் விடாதே. கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைகளுக்கு உயர்தரம் போதும், பட்டதாரியும் எழுதலாம். வயதெல்லையை முதலில் பார். அந்த விண்ணப்பங்களில் ஒரு தகவலும் பொய்யாக இருக்கக்கூடாது, பிறகு தெரியவந்தால் நியமனமே போய்விடும்.

சம்பளம் பேசும்போது அந்த வேலைக்கு ஊரில் கொடுக்கிறதைக் கேள். வேலை கிடைத்தால் போதும் என்று அதற்கும் கீழே இறங்காதே. சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்தால் முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு அவரே 3 சதவீதம் கட்ட வேண்டும். இதைக் கூச்சப்படாமல் கேள்.

லயத்தில் நாலு பேர் "டிகிரி முடிச்சு கடையில நிக்குது" என்று பேசத்தான் செய்வார்கள். அது அம்மா காதில் விழுவதற்கு முன், என்ன வேலை, என்ன சம்பளம் என்று நீயே வீட்டில் விளக்கிச் சொல்லிவிடு. சேர்ந்த அன்றைக்கே நியமனக் கடிதம் வாங்கு, பதவிப் பெயர் அதில் தெளிவாக இருக்கட்டும். அடுத்த வேலைக்குப் போகும்போது அனுபவத்துக்கு அதைத்தான் காட்டச் சொல்வார்கள்.