மாலத்தீவு செய்வது போதுமா?



எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா தூத்துக்குடித் தோணிக்காரர். சின்ன வயதிலேயே பண்டாரியாக, அதாவது தோணியில் சோறு பொங்கும் பையனாக ஏறியவர். தோணி போகும் ஊர் மாலத்தீவு. நான் கட்டும் பரீட்சை ஃபீஸ்கூட அந்தத் தீவுக்குப் போன வெங்காயத்தில் வந்த காசுதான்.

அதனால்தான் போன செமஸ்டரில் செமினாருக்கு மாலத்தீவை எடுத்தேன். கடல் மட்டம் ஏறுகிறது, தீவு மூழ்கப் போகிறது என்று உருக்கமாகப் பேசி முடித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு நண்பன் எழுந்தான். "அதெல்லாம் சரி மாப்ளே, முங்கப் போறோம்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அதுக்கு அவங்க என்ன செஞ்சாங்க?" என்றான். எனக்கு வாய் அடைத்துப் போச்சு. அவனுக்கு அன்று சொல்லாத பதிலை இந்த மலரில் எழுதுகிறேன்.

மாலத்தீவில் சுமார் 1200 தீவுகள். ஆட்கள் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில்தான். நிலத்தில் 80 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம்கூட இல்லை. நம் ஃபிட்டிங் ஷாப் பெஞ்ச் உயரம்தான் நண்பர்களே, அதற்கு மேல் வானம்!

தற்காப்பு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1987ல் பெரிய அலைகள் தலைநகர் மாலேக்குள் புகுந்தன. பிறகு ஜப்பான் உதவியோடு ஊரைச் சுற்றிக் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுந்தது. 2004 சுனாமியில் மாலே பெரிய சேதமில்லாமல் தப்பியதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். 1997ல் கடலில் மண் அள்ளிப் போட்டு ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவையே உண்டாக்க ஆரம்பித்தார்கள். அது சுமார் 2 மீட்டர் உயரம். ஆனால் மண் தோண்டினால் பக்கத்துப் பவளப்பாறைமேல் சேறு படிந்து மூடும். பவளப்பாறைதான் தீவுக்கு இயற்கை போட்ட சுவர். முன்பு வீடு கட்ட அந்தப் பாறையையே வெட்டினார்கள். இதைச் சொன்னதும் அப்பா, "அதான்லே நாம கல்லும் சிமெண்டும் கொண்டு போறோம். அங்க மலையா இருக்கு?" என்றார். புத்தகத்தில் நான் தேடிய விஷயம் அவர் தலையிலேயே இருந்திருக்கிறது!

பேச்சிலும் குறைவில்லை. 1987லேயே அவர்களுடைய ஜனாதிபதி கயூம் ஐ.நா. சபையில் இதைப் பற்றி முறையிட்டார். 2009 அக்டோபரில் ஜனாதிபதி நஷீத் தலைமையில் மந்திரிகள் நீச்சல் உடையோடு கடலுக்கடியில் உட்கார்ந்து மந்திரிசபைக் கூட்டமே நடத்தினார்கள். பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு நஷ்டஈட்டு நிதி என்று 2022ல் எகிப்து மாநாடு ஒத்துக்கொண்டதில் இதுபோன்ற குட்டித் தீவு நாடுகளின் விடாத போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இடிப்பது டீசலில்தான். அங்கே தீவுக்குத் தீவு தனித்தனி பவர் ஹவுஸ். நம் ஊர் மாதிரி லைன் இழுத்து எல்லாவற்றையும் இணைக்க வழியில்லை, நடுவில் கடல். இன்றும் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரில் வருவதுதான். கணக்குப் போடுவோம். 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. அந்த ஒரு லிட்டரில் கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட். அப்படியானால் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் புகை!

2020க்குள் இந்தக் கரியமிலக் கணக்கைப் பூஜ்யமாக்குவோம் என்று 2009ல் சொன்னார்கள். 2020 வந்தது, போனது. ஜெனரேட்டர் நிற்கவில்லை. பிறகு 2030 என்றார்கள். 2023 துபாய் மாநாட்டில், 2028க்குள் மின்சாரத்தில் 33 சதவீதம் சூரியன் போன்ற வழிகளில் என்று புது வாக்குறுதி. நம்ம அரியர் பேப்பர் கதைதான், அடுத்த செமஸ்டரில் நிச்சயம்!

"உலகப் புகையில் அவங்க பங்கு 0.003 சதவீதம்தானே, லட்சம் கிலோவுக்கு 3 கிலோ. அவங்க நிறுத்தினா என்ன, நிறுத்தாட்டி என்ன?" என்று கேட்கலாம். கடல் ஏறுவதற்கு அவர்கள் காரணமில்லை என்பது உண்மை. ஆனால் டீசலை விடுவது உலகத்துக்காக மட்டும் இல்லையே. ஒவ்வொரு சொட்டும் கப்பலில் காசு கொடுத்து வருவது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்குவதும் இந்த மின்சாரம்தான். 2014 டிசம்பரில் மாலேயில் அந்தப் பிளாண்ட்டில் தீப்பிடித்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் குடிதண்ணீருக்குத் தவித்தார்கள். நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போச்சு. அப்படிப்பட்ட ஊர் ஒரே எரிபொருளை நம்பி உட்காரலாமா? வெயிலுக்கா பஞ்சம்?

சிரமம் இருக்கிறது. பேனல் விரிக்க இடம் இல்லை, ராத்திரிக்குப் பேட்டரி வேண்டும், அது விலை. சில தீவுகளில் சோலார், பேட்டரி, டீசல் மூன்றையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். வேகம் போதாது. காசே இல்லாத நாடும் இல்லை. 2024ல் 20 லட்சம் டூரிஸ்டுகளுக்கு மேல் வந்தார்கள். ரிசார்ட்டில் தங்கினால் ஒரு நாளைக்கு 6 டாலராக இருந்த பசுமை வரி 2025 ஜனவரி முதல் 12 டாலர். எனவே நண்பா, என் பதில் இது: சுவருக்கும் பேச்சுக்கும் முழு மார்க், டீசலுக்கு ஃபெயில்.

இதை எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏலே, நம்ம தோணி எஞ்சின் எதுல ஓடுது?" என்றார். ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று கேட்டேன். அடுத்த நடை போய் வந்து தண்டலிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.