சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா?

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். ஒரே பக்கம், அதில் ஐந்து செய்தி. சனிக்கிழமை மாலை சார்னோக்கைட் பற்றிச் சொற்பொழிவு, அடுத்த மாதம் காரை என்ற ஊருக்குக் களப்பயணம், கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி, ஆண்டுப் பொதுக்குழு, அடியில் ஓர் இரங்கல் குறிப்பு. "இதில் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும் பெரியப்பா? போன கூட்டத்தில் எல்லாரும் உங்கள் வயதுக்காரர்கள். மாணவர் சந்தா குறைவுதான், ஆனாலும் கட்டணுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

கட்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

வேதியியல் படிக்கிற உன் தோழி இன்று செய்த சோதனையை நாளைக்கும் செய்து பார்க்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் பார்க்கும் பாறை உருவானபோது பக்கத்தில் சாட்சி யாரும் நிற்கவில்லை. அந்த மலையை இன்னொரு தடவை உண்டாக்கிக் காட்டவும் முடியாது. ஒருத்தி பார்த்ததை இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்து "ஆமாம்" என்றோ "அப்படி இல்லையே" என்றோ சொன்னால்தான் அது நிற்கும். நிலவியல் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டதே இதற்காகத்தான். பொன்னாடையும் குத்துவிளக்கும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

உலகின் முதல் நிலவியல் சங்கம் 1807 நவம்பர் 13-ஆம் தேதி லண்டனில், ஒரு விடுதியில், சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. தொடங்கியவர்கள் 13 பேர். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அதில் ஒருவர். ஜார்ஜ் கிரீனோ முதல் தலைவர். பூமி எப்படித் தோன்றியது என்று ஆளாளுக்கு ஒரு கோட்பாடு சொல்லி அடித்துக்கொண்டிருந்த காலம் அது. கோட்பாடு அப்புறம் இருக்கட்டும், முதலில் கண்ணால் கண்டதைச் சேர்ப்போம் என்றார்கள் இவர்கள். 30 ஆண்டுகள் கழித்து, 1837-இல், கப்பல் பயணம் முடித்து வந்திருந்த ஓர் இளைஞர் அந்தச் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். மண்புழுக்கள் எப்படி மேல்மண்ணை உண்டாக்குகின்றன என்பது பொருள். வயது 28. பெயர் சார்லஸ் டார்வின். அடுத்த வருடமே அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நரைத்த தலைகளுக்கு நடுவே என்ன பேசுவது என்று தயங்குகிறாயே, அதற்காகச் சொல்கிறேன்.

அந்த லண்டன் சங்கத்துக்கும் உனக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. 1840-களில் சென்னை மாகாணத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கிளிஞ்சல்களும் தொல்லுயிர் எச்சங்களும் பொறுக்கினார்கள். வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தால் இன்று அவர்கள் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. எது எந்த ஊரில் எடுத்தது என்று பிரித்துக் குறித்து, லண்டன் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து, இவை கிரிட்டேசியக் காலத்துக் கடல் உயிர்கள் என்று 1846-இல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். அதற்குப் பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு நேரில் வந்து நடந்து பார்த்து, 1862-இல் அந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். நீ பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற அந்த மூன்று பெயரும் அப்படி வந்தவைதான். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லில்தான் அரியலூர் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. நம் வீட்டு உலையும் பல வருடம் அதில்தான் கொதித்தது.

சங்கங்கள் எல்லாம் நியாயமாக நடந்தன என்று நினைத்துவிடாதே. வில்லியம் ஸ்மித் என்று ஒரு நில அளவைக்காரர், தனி ஆளாக அலைந்து 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். கைவேலைக்காரர் என்பதால் லண்டன் கனவான்கள் அவரை உறுப்பினராக்கவில்லை. போதாததற்கு, கிரீனோவின் தலைமையில் போட்டி வரைபடம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஸ்மித் கடனாளியாகிச் சிறைக்குப் போனார். 1831-இல்தான் சங்கத்தார் மனம் திருந்தி, தங்கள் வொல்லாஸ்டன் பதக்கத்தை முதல் முதலாக அவருக்கே கொடுத்தார்கள். பெண்கள் கதை இன்னும் மோசம். லைம் ரீஜிஸ் கடற்கரையில் இக்தியோசாரும் பிளீசியோசாரும் தோண்டி எடுத்துக் கொடுத்த மேரி ஆனிங் கடைசிவரை உறுப்பினராக முடியவில்லை. அந்தச் சங்கம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1919-இல். ஆனால் அதே லண்டனில் 1858-இல் தொடங்கிய நிலவியலாளர் சங்கம் ஆரம்பத்திலிருந்தே பெண்களையும், தொழிலாக இல்லாமல் ஆசைக்காகக் கல் பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டது. களப்பயணமே அதன் உயிர். ஒரு சங்கத்தை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: வருடத்தில் எத்தனை நாள் அரங்கத்தில் உட்காருகிறார்கள், எத்தனை நாள் வெயிலில் நிற்கிறார்கள்.

நம் நாட்டில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் சங்கம் 1958-இல் தொடங்கியது. டி. என். வாடியா முதல் தலைவர். அதன் ஆய்விதழ் 1959 முதல் வருகிறது. பி. பி. ராதாகிருஷ்ணா பல பத்தாண்டுகள் அந்த இதழைத் தோளில் சுமந்தார். உன் கல்லூரி நூலகத்தில் பழைய தொகுதிகள் இருந்தால் எடுத்துப் பார். பெரிய கட்டுரைகள் இப்போது புரியாது. பின்பக்கத்துச் சிறு குறிப்புகளையும், கட்டுரைகளுக்கு வந்த மறுப்புகளையும் படி. மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது என்று அதில் கற்றுக்கொள்ளலாம்.

இனி சனிக்கிழமைச் சொற்பொழிவு விஷயத்துக்கு வருகிறேன். சார்னோக்கைட் என்றதும் கொட்டாவி விட்டிருப்பாய். அதன் கதையே ஒரு சங்க மேடையில் தொடங்கியதுதான். 1893-இல் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தா ஆசியச் சங்கத்தின் இதழில் ஒரு கல்லறைக் கல்லைப் பற்றி எழுதினார். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அது. நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். நீலகிரியும் சேர்வராயனும் பெரும்பாலும் இந்தப் பாறைதான்.

உடைத்த புதுமுகத்தைப் பார்த்திருக்கிறாயா? எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு. குவார்ட்ஸில் லேசான நீலம். வெயிலும் மழையும் பட்ட வெளிப்புறமோ பழுப்பேறிக் கிடக்கும். உள்ளே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி; அது இருந்தால்தான் சார்னோக்கைட். ஹாலண்ட் இதைத் தீக்குழம்பு உறைந்த பாறை என்றார். பின்னால் வந்தவர்கள், இல்லை, ஏற்கெனவே இருந்த பாறை ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது என்றார்கள். சண்டை பல தலைமுறை நடந்தது. 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தில் கப்பல்துர்காவில் ஒரு கல்குவாரியைக் காட்டினார். வெளிறிய நைஸ் பாறை. அதன் நடுவே திட்டுத் திட்டாகக் கரும்பச்சை. நைஸின் வரிகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி, மறுபக்கம் மறுபடி தெளிகின்றன. ஒரு பாறை இன்னொன்றாக மாறும்போதே பிடிபட்டுவிட்டது. வெடிப்புகள் வழியாக ஏறிவந்த, கரியமில வாயு மிகுந்த பாய்மம்தான் இதைச் செய்தது என்பது பின்னால் வந்த, பலர் ஏற்ற விளக்கம். அதற்காக எல்லாச் சார்னோக்கைட்டும் இப்படித்தான் பிறந்தது என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதே. பேச்சு முடிந்ததும் கையைத் தூக்கி ஒரே கேள்வி கேள்: "ஐயா, இந்த இரண்டு பாறையும் ஒட்டும் இடத்தை எங்கே போனால் பார்க்கலாம்?" நல்ல பேச்சாளருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். படத்தை மட்டும் வைத்துப் பேசுகிறவர் கொஞ்சம் நெளிவார்.

வாட்ஸ்அப்பில் வருகிற "மலைக்கோட்டைக்கு வயது 380 கோடி ஆண்டு" வகைச் செய்திக்கும் இதே மருந்துதான். எந்தக் கனிமத்தில், எந்த ஐசோடோப்பை வைத்து, யார் அளந்தார் என்று கேள். பதில் வராவிட்டால் கடந்து போ.

காரைக் களப்பயணத்தை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதே. செம்மண்ணும் சாம்பல் களிமண்ணுமாக ஓடைகள் அரித்த அந்தப் பள்ளங்களில் ஒரு மரநிழல் கிடையாது. குடிநீரை நீயே சுமக்க வேண்டும். களிமண்ணுக்கு இடையே பளபளவென்று கண்ணாடித் தகடுபோல் நீட்டிக்கொண்டிருப்பது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும். தரையில் விரல் கனத்தில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாகக் கிடப்பவை பெலம்னைட். கணவாயின் உறவுக்காரப் பிராணியின் உள்ளோடு அது. உடைந்த முகத்தை லென்ஸில் பார். நடுப்புள்ளியிலிருந்து சுற்றிலும் கதிர் விரிந்ததுபோல் கால்சைட் நார்கள் நிற்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி அது.

லென்ஸ் பிடிக்கவும் முறை உண்டு. முதல் வருடப் பிள்ளைகள் எல்லாரும் லென்ஸைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். கல்லைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டாமல். குறிப்பேட்டில் முதலில் இடம், தேதி, ஜி.பி.எஸ். அளவு. பிறகு படுகை எந்தப் பக்கம், எத்தனை பாகை சாய்கிறது. பிறகு ஒரு படம், கோணல்மாணலாக இருந்தாலும் உன் கையால். கைபேசியில் எடுக்கும்போது சுத்தியலையோ நாணயத்தையோ பக்கத்தில் வை. இல்லாவிட்டால் நீ எடுத்தது மலையா மடுவா என்று நாளைக்கு உனக்கே தெரியாது.

சுத்தியல் இருக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் தட்டாதே. சாத்தனூர் கல்மரத்துக்கும் கூட்டிப்போவார்கள் என்று நினைக்கிறேன். 18 மீட்டர் நீளம், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. தஞ்சை மண்ணில் பிறந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநரானவர் அவர். அங்கே ஒரு துணுக்குக்கூடக் கையில் எடுக்கக் கூடாது. காரையிலும் அப்படித்தான்; பையை நிரப்பிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். எந்தப் படுகையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத எச்சம் வெறும் கல். கே, கன்லிஃப் இருவருக்கும் தெரிந்திருந்த விஷயம் இது.

ஆய்வுச் சுருக்கம் பற்றிப் பயப்படாதே, இந்த வருடம் அனுப்பவும் வேண்டாம். அடுத்த வருடத்துக்கு உங்கள் ஊர்ப்பக்கத்துக் கைவிட்ட குவாரி ஒன்றைப் பிடித்துக்கொள். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, துணைக்கு ஆளோடு போய், நாலு சுவரையும் வரை. போதும். பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது தூக்கம் வரும், ஆனாலும் இரு. களப்பயணத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்ய ஆள் தேடுவார்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். முன்னதாக இடம் பார்க்கப் போகிற மூத்தவர்களோடு நீயும் போகலாம்; இரண்டு தடவை அதே பாறையைப் பார்க்கக் கிடைக்கும்.

கடைசியில் அந்த இரங்கல் குறிப்பு. நீ அதைப் படிக்காமல் தாண்டியிருப்பாய். திரும்ப எடுத்துப் படி. அந்த மனிதர் எந்த வட்டத்தை வரைபடமாக்கினார் என்று ஒரு வரி இருக்கும். அவருடைய குறிப்பேடுகள் என்ன ஆயின என்று சங்கச் செயலாளரிடம் விசாரி. பல வீடுகளில் அவை பழைய பேப்பர்காரருக்குப் போய்விடுகின்றன. முன்வரிசையில் உட்காரும் என் வயதுக்காரர்களிடமும் கேள்; கேட்க ஆள் வந்தால் கொடுத்துவிடுவார்கள்.

சந்தாவை இந்த வாரமே கட்டு. சனிக்கிழமை அரை மணி முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்கார். காரைக்குத் தொப்பியும் மூன்று லிட்டர் தண்ணீரும் மறக்காதே. என் பழைய பத்து மடங்கு லென்ஸை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா